வானத்தின் வேலிகளைக் காட்டும் வரைபடம்

சித்தூர், திருப்பதி மாவட்டங்களிலுள்ள எங்கள் கிளைகளுக்கு டிரோன் வாங்கக் கடன் கேட்டு வருவோர் பலதரப்பட்டவர்கள். கரும்புக்கும் நெல்லுக்கும் மருந்து தெளித்துக் கூலி ஈட்ட விரும்பும் டுவாக்ரா குழுப் பெண்கள் வருகிறார்கள். உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தினர், திருமணங்களைப் படம்பிடிக்கும் ஒளிப்பதிவாளர்கள், மனைப்பிரிவுகளை அளந்து தரும் நில அளவையாளர்கள் ஆகியோரும் வருகிறார்கள். வட்டி எவ்வளவு, மானியம் எப்போது வந்துசேரும், தவணை எத்தனை மாதம் என்றெல்லாம் கேட்கிறார்கள். மிகச் சிலரே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: வாங்கிய டிரோனை எங்கே, எந்த நாளில் பறக்கவிடலாம்?

இது விமானத்துறைக்கு உரிய கேள்வி, வங்கிக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். கடனில் வாங்கிய டிராக்டர் பழுதானால் பணிமனைக்குச் செல்லும். ஓரிரு நாளில் வயலுக்குத் திரும்பும். தடைசெய்யப்பட்ட வானில் பறந்த டிரோன் காவல் நிலையத்துக்குச் செல்லும். அது என்று திரும்பும் என்பது வழக்கின் போக்கைப் பொறுத்தது. தவணை நாள் மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்துவிடும். கடன் வாங்கியவரின் வருமானம் வானத்தின் கண்ணுக்குத் தெரியாத எல்லைகளை நம்பியிருப்பதால், அவ்வெல்லைகளைக் காட்டும் இணைய வரைபடத்தைப் பற்றி இங்கு விளக்க முற்படுகிறோம்.

விமானிகளிடமிருந்து வந்த வழக்கம்

வானில் தற்காலிகத் தடை விதிப்பது டிரோன்களுக்காகத் தோன்றிய ஏற்பாடன்று. ஓடுபாதை பழுது பார்க்கப்படுகிறது, இராணுவம் சுடுபயிற்சி நடத்துகிறது, ஏவூர்தி விண்ணில் ஏறுகிறது, நாட்டின் தலைவர் வருகிறார் என்பன போன்ற செய்திகளை விமானிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் குறுஞ்செய்திக்கு 'நோட்டாம்' என்று பெயர். நம் நாட்டில் இதை இந்திய விமான நிலையங்கள் ஆணையம் வெளியிடுகிறது. புறப்படுமுன் நோட்டாம்களைப் பார்ப்பது சிறிய தனியார் விமானத்தை ஓட்டுபவருக்கும் பெரிய பயணியர் விமானத்தை ஓட்டுபவருக்கும் பொதுவான கடமை.

நோட்டாம் தந்தி நடையில் அமைந்தது. சுருக்கெழுத்துகளும், அகலாங்கு நெட்டாங்கு எண்களும், நேரக் குறியீடுகளும் இடைவெளியின்றி அடுக்கப்பட்டிருக்கும். பழகிய விமானியே அதைப் படித்து, தாளில் கோடு வரைந்து பார்த்த பிறகுதான் தன் பாதை அதில் சிக்குகிறதா என்று சொல்ல முடியும். இந்தச் சிரமத்தைக் குறைக்கவே எண்களை வரைபடத்தின்மீது வண்ண வட்டங்களாக வரைந்து காட்டும் இணையதளங்கள் உருவாயின. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் தன் நாட்டின் தற்காலிகப் பறப்புத் தடைகளை இவ்வாறு வரைந்து பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அங்கு இத்தகைய தடைகள் பெருகின. வார இறுதியில் பொழுதுபோக்காகப் பறக்கும் தனியார் விமானிகள் அறியாமல் உள்ளே நுழைந்து போர் விமானங்களின் துணையோடு தரையிறங்க வேண்டியிருந்த நிகழ்வுகளும் உண்டு. அந்த வரைபடத்திலேயே ஓர் எச்சரிக்கைக் குறிப்பும் பல ஆண்டுகளாக இடம்பெற்று வந்தது. இதில் காணும் பட்டியல் முழுமையானதாக இல்லாதிருக்கலாம், பயணத் திட்டத்துக்கு இதை மட்டும் நம்ப வேண்டா, விமானச் சேவை நிலையத்தைத் தொலைபேசியில் கேளுங்கள் என்பது அதன் சாரம். வரைபடத்தை உருவாக்கியவர்களே இப்படிச் சொல்லியிருப்பதை நம்மூர் வரைபடத்தைப் பார்க்கும்போதும் நினைவில் வைப்பது நன்று.

மூன்று நிறங்கள்

இந்தியாவில் டிரோன் விதிகள் 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்டன. அடுத்த மாதம், செப்டம்பர் 24 அன்று, நாட்டின் வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துக் காட்டும் வரைபடம் 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் வெளியானது. அதைப் பார்ப்பதற்குக் கட்டணமோ கடவுச்சொல்லோ வேண்டியதில்லை.

பச்சைப் பகுதியில் தரையிலிருந்து 400 அடி வரை, அதாவது ஏறத்தாழ 120 மீட்டர் வரை, முன்னனுமதியின்றிப் பறக்கலாம். மஞ்சளில் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சிவப்பில் நடுவண் அரசின் அனுமதி இருந்தால் மட்டுமே பறக்க முடியும். இவ்வளவையும் பலர் அறிந்திருக்கிறார்கள். குழப்பம் எழுவது விமான நிலையத்தைச் சுற்றியுள்ள வளையங்களில்.

நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு ரேணிகுண்டாவிலுள்ள திருப்பதி விமான நிலையம். 2015 அக்டோபர் 22 அன்று 'கருடா' முனையம் திறக்கப்பட்டதை வாசகர்கள் நினைவுகூரலாம். செயல்பாட்டிலுள்ள விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 5 கிலோமீட்டர் வரை சிவப்பு. 5 முதல் 8 கிலோமீட்டர் வரை தரைமட்டத்திலிருந்தே மஞ்சள். 8 முதல் 12 கிலோமீட்டர் வரை முதல் 200 அடி பச்சை, அதற்குமேல் மஞ்சள். ஆகவே ஒரே நிலத்தின்மேல் 150 அடி உயரத்தில் பறப்பது ஏற்புடையதாகவும் 250 அடியில் பறப்பது விதிமீறலாகவும் இருக்கக்கூடும். ரேணிகுண்டா ஊரே விமான நிலையத்தின் வாசலில் இருக்கிறது. திருச்சானூர், ஏர்ப்பேடு போன்ற ஊர்கள் அடுத்தடுத்த வளையங்களின் அருகில் அமைந்தவை. உங்கள் நிலம் எந்த வளையத்தில் விழுகிறது என்பதை ஊர்ப்பெயரைக் கொண்டு ஊகிக்க வேண்டா. வரைபடத்தில் நிலத்தின்மீதே விரலை வைத்துப் பார்க்க வேண்டும். சாலை வழித் தொலைவும் இங்கே பயன்படாது. வளையங்கள் அளக்கப்படுவது நேர்க்கோட்டில்.

இந்தத் தொலைவுகளுக்குக் காரணம் உண்டு. தரையிறங்கும் விமானம் பொதுவாக 3 பாகைச் சரிவில் இறங்குகிறது. அந்தக் கணக்கின்படி, ஓடுபாதையைத் தொடுவதற்கு 8 கிலோமீட்டர் முன்பு அது ஏறத்தாழ 420 மீட்டர் உயரத்தில் இருக்கும். 5 கிலோமீட்டர் முன்பு 260 மீட்டர் அளவில் இருக்கும். 120 மீட்டரில் நிற்கும் டிரோனுக்கும் அதற்கும் இடைவெளி இருக்கிறதே என்று தோன்றலாம். ஆனால் எல்லா விமானங்களும் அந்தச் சரிவிலேயே வருவதில்லை. ஹெலிகாப்டர்கள் தாழ்ந்து பறக்கின்றன. காற்று அடித்தாலோ இணைப்பு அறுந்தாலோ டிரோனும் விட்ட இடத்தில் நிற்பதில்லை. விட்டுவைத்த இடைவெளி இந்தத் தவறுகளுக்காகத்தான்.

2018 டிசம்பரில் இலண்டனுக்கு அருகிலுள்ள கேட்விக் விமான நிலையத்தில் டிரோன் தென்பட்டதாகச் செய்திகள் வந்ததை அடுத்து ஏறத்தாழ 1,000 விமானப் பயணங்கள் பாதிக்கப்பட்டன. சுமார் 1,40,000 பயணிகள் அவதியுற்றனர். அங்கு எதுவும் மோதவில்லை. பார்த்ததாகச் சொல்லப்பட்டதே போதுமானதாக இருந்தது.

மலைநாட்டுக்கு உரிய ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே சேர்த்துவிடுகிறோம். விதிகள் கூறும் 400 அடி, டிரோனுக்குக் கீழேயுள்ள தரையிலிருந்து அளக்கப்படுவது. கையிலுள்ள இயக்குகருவியின் திரை பெரும்பாலும் காட்டுவதோ புறப்பட்ட இடத்திலிருந்து அளந்த உயரம். சித்தூருக்கும் பலமநேருக்கும் இடையே மொகிலி மலைப்பாதையில் மேட்டு விளிம்பில் நின்று டிரோனை ஏற்றிப் பள்ளத்தாக்கின் பக்கம் செலுத்துகிறீர்கள் என்று கொள்வோம். திரையில் 300 அடி என்று தெரியும். கீழே தரை 200 அடி இறங்கியிருந்தால் உண்மையான உயரம் 500 அடி. அந்த நொடியில் டிரோன் பச்சையிலிருந்து மஞ்சளுக்குள் சென்றுவிட்டது; செலுத்தியவருக்கு அது தெரியாது. சமவெளி வயலில் மருந்து தெளிப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. பயிருக்குச் சில மீட்டர் மேலேதான் அவர் பறக்கிறார்.

இன்று பச்சை, நாளை சிவப்பு

மேலே சொன்ன வளையங்கள் நிலையானவை; ஒருமுறை பார்த்து மனத்தில் இருத்திக்கொள்ளலாம். இழப்பு நேர்வது பெரும்பாலும் தற்காலிகத் தடைகளால்.

டிரோன் விதிகளில் 'தற்காலிகச் சிவப்பு மண்டலம்' என்றோர் ஏற்பாடு இருக்கிறது. அவசரத் தேவை எழும்போது மாநில அரசோ காவல்துறை போன்ற சட்ட அமலாக்க அமைப்போ ஒரு குறிப்பிட்ட இடத்தின்மேல் டிரோன் பறப்பதை ஒரு முறைக்கு 96 மணி நேரத்துக்கு மிகாமல் தடைசெய்யலாம். அத்தடை இணையதளம் வழியே அறிவிக்கப்பட்டு வரைபடத்திலும் காட்டப்பட வேண்டும். திருப்பதிக்குக் குடியரசுத் தலைவரும் பிரதமரும் பிற தலைவர்களும் அடிக்கடி வருகிறார்கள். பிரம்மோற்சவத்துக்கு இலட்சக்கணக்கானோர் திரள்கிறார்கள். இத்தகைய நாள்களில் திங்கட்கிழமை பச்சையாக இருந்த இடம் புதன்கிழமை சிவப்பாக மாறியிருப்பதில் வியப்பில்லை. சென்ற மாதம் அதே மண்டபத்தின்மேல் பறக்கவிட்டேனே என்று ஒளிப்பதிவாளர் சொல்லும் சமாதானம் எவ்விதத்திலும் அவருக்கு உதவாது.

சில வேளைகளில் மாவட்ட நிர்வாகமோ காவல்துறையோ நாளிதழ் வழியாகவும் டிரோன் தடையை அறிவிப்பதுண்டு. அந்த ஆணை வரைபடத்தில் உடனே தோன்றாவிட்டாலும் ஆணை ஆணையே. வரைபடம் பச்சையாக இருந்தது என்பதற்காக அதை மீறலாகாது. 2025 மே மாதம் எல்லையில் பதற்றம் நிலவியபோது வடக்கிலும் மேற்கிலுமாக 32 விமான நிலையங்களில் பயணியர் விமானச் சேவை நோட்டாம் மூலம் நிறுத்தப்பட்டது. மே 15 வரை என்று அறிவிக்கப்பட்ட அத்தடை 12ஆம் தேதியே விலக்கிக்கொள்ளப்பட்டது. தடை நீள்வதும் உண்டு, முன்னதாகவே முடிவதும் உண்டு என்பதற்கு இது சான்று.

திருமலையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஆனந்த நிலைய விமானத்தின்மேல் எதுவும் பறக்கலாகாது என்பது ஆகம மரபு சார்ந்த நம்பிக்கை. திருமலை முழுவதும் சட்டப்படி விமானம் பறக்கத் தடைசெய்யப்பட்ட பகுதி என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அப்படியொரு தடையைத் தேவஸ்தானம் நடுவண் அரசிடம் பலமுறை கேட்டு வந்திருக்கிறது. 2025 மார்ச்சிலும் அறங்காவலர் குழுத் தலைவர் பி.ஆர். நாயுடு விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம்மோகன் நாயுடுவுக்கு இது குறித்துக் கடிதம் எழுதினார். இது பயணியர் விமானங்களைப் பற்றிய கோரிக்கை. டிரோனைப் பொறுத்தவரை நிலைமை வேறு: திருமலையில் டிரோன் பறக்கவிடுவதைத் தேவஸ்தானம் தடைசெய்திருக்கிறது. 2023 ஜனவரியில் கோவிலை வானிலிருந்து காட்டும் காணொளி ஒன்று இணையத்தில் பரவியபோது தேவஸ்தானத்தின் கண்காணிப்புப் பிரிவு விசாரணையில் இறங்கியது. காவல்துறையிலும் வழக்குப் பதிவானது. திருமலை, ரேணிகுண்டா விமான நிலையத்திலிருந்து நேர்க்கோட்டில் 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. விமான நிலைய வளையங்களை மட்டும் பார்ப்பவருக்கு மலை அவற்றின் வெளியே நிற்பதாகவே தெரியும். சேஷாசலம் காடுகளுக்கு வனத்துறையின் கட்டுப்பாடுகள் தனி. வரைபடத்தின் நிறம் விமானத்துறையின் சொல். நிலத்துக்கு உரியவரின் சொல்லை அது சொல்வதில்லை.

ஸ்ரீஹரிகோட்டாவின் நேரம்

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூளூர்பேட்டைப் பகுதியும் அதனுடன் ஸ்ரீஹரிகோட்டாவும் இம்மாவட்டத்துக்கு வந்தன. மலையப்ப சுவாமியும் சதீஷ் தவான் விண்வெளி மையமும் இப்போது ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். நாட்டின் தற்காலிக வான்தடைகளுள் மிகத் துல்லியமாகத் திட்டமிடப்படுபவை இங்கிருந்தே எழுகின்றன.

ஏவூர்தி புறப்படுமுன் ஏவுதளத்தைச் சுற்றியும், அது கடலின்மேல் செல்லும் பாதையிலும், கழன்ற பாகங்கள் விழக்கூடிய கடற்பரப்பிலும் அபாயப் பகுதிகள் வரையறுக்கப்பட்டு நோட்டாம் வெளியாகிறது. மீனவர்களுக்கும் கப்பல்களுக்கும் தனியே எச்சரிக்கை செல்கிறது. 2025 ஜனவரி 29 காலை 6.23 மணிக்கு ஜிஎஸ்எல்வி எஃப்-15 ஏவப்பட்டபோது ஸ்ரீஹரிகோட்டா தன் 100ஆவது ஏவுதலை நிறைவு செய்தது. 100 முறையும் இந்த ஏற்பாடு ஏதோவொரு வடிவில் நடந்திருக்கும்.

ஏவுதல் குறித்த நேரத்தில் நடக்காவிட்டால் என்ன ஆகும்? 2023 அக்டோபர் 21 அன்று ககன்யான் திட்டத்தின் முதல் சோதனை வாகனம் காலை 8 மணிக்குப் புறப்படுவதாக இருந்தது. வானிலை காரணமாக 8.30 என்றார்கள், பிறகு 8.45 என்றார்கள். புறப்பட 5 நொடி இருக்கையில் கணினி தானாகவே நிறுத்திவிட்டது. குறை சரிசெய்யப்பட்டு 10 மணிக்கு அது ஏறியது. எட்டு மணிக்கு நடந்திருக்கும், இனித் தடை இராது என்று கணக்கிட்டு ஒருவர் ஒன்பது மணிக்கு அப்பகுதியில் பறந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இதனால்தான் நோட்டாமில் ஒரு நொடிப்புள்ளியைக் குறிக்காமல் தொடக்கமும் முடிவும் கொண்ட ஒரு காலப்பகுதியைக் குறிக்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக நாம் நினைப்பதால் தடை முடிந்துவிடுவதில்லை. அறிவிப்பில் உள்ள முடிவு நேரம் கடக்க வேண்டும், அல்லது அறிவிப்பு முறையாக விலக்கப்பட வேண்டும்.

நேரத்தைப் படிப்பதிலும் ஒரு கண்ணி உண்டு. நோட்டாமில் வரும் நேரம் உலகப் பொது நேரம். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முந்தியது. சந்திரயான்-2 முதலில் 2019 ஜூலை 15 அதிகாலை 2.51 மணிக்கு ஏவப்படுவதாக இருந்தது. உலகப் பொது நேரப்படி அது ஜூலை 14, இரவு 9.21. எனவே குறியீட்டில் 15 என்ற தேதியே தென்படாது. ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம் ஆகியவற்றுக்கு இவ்விரண்டு இலக்கங்கள் என 1907142121 என்று பத்து இலக்கங்களில் அந்நேரம் எழுதப்படும். ஐந்தரை மணியைக் கூட்டாமல் படிப்பவர் நேரத்தோடு நாளையும் தவறவிடுவார். அந்த ஏவுதல் புறப்பட 56 நிமிடம் இருக்கையில் நிறுத்தப்பட்டு, ஜூலை 22 பிற்பகல் 2.43 மணிக்கு நிறைவேறியது. ஒரு வாரம் முன்பு பார்த்த தடைப்பட்டியலை நம்பியிருப்பவருக்கு அதில் ஒரு வரிகூடப் பயன்பட்டிருக்காது.

சித்தூர் பக்கத்து வாடிக்கையாளர்கள் இவையெல்லாம் கடற்கரைக்காரர்களின் கவலை என்று கருதலாம். பெருமளவுக்கு அது சரிதான். ஸ்ரீஹரிகோட்டாவின் தடை சித்தூர்க் கரும்புத் தோட்டத்தை எட்டுவதில்லை. அவர்களுக்கு உரிய கவலை வேறு திசையிலிருந்து வரக்கூடும். வேலூரை அடுத்த அப்துல்லாபுரத்திலுள்ள பழைய வானூர்தித் தளம் உடான் திட்டத்தின்கீழ் எடுத்துக்கொள்ளப்பட்டது. விதிகளில் 'செயல்பாட்டிலுள்ள விமான நிலையம்' என்ற சொல்லே வளையங்களைப் பிறப்பிக்கிறது. ஒரு தளத்துக்கு விமானம் வந்துபோகத் தொடங்கும் நாளில் அதைச் சுற்றி 12 கிலோமீட்டருக்கு வரைபடத்தின் நிறம் மாறும். ஆந்திர எல்லையை ஒட்டித் தொழில் செய்வோர் மாநில எல்லைக்கு அப்பால் நடப்பதையும் கவனித்து வருவது நல்லது. வான்வெளிக்கு மாநில எல்லை தெரியாது.

சிறிய டிரோன்தானே என்ற எண்ணம்

250 கிராமும் அதற்குக் குறைவான எடையும் கொண்ட டிரோன் 'நானோ' வகை. அதை இயக்க இயக்குநர் சான்றிதழ் வேண்டியதில்லை. மூன்றாம் தரப்புக் காப்பீடும் கட்டாயமில்லை. இந்தச் சலுகைகளைக் கேட்டவர்கள், நானோவுக்கு வரைபடமும் பொருந்தாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அவ்வாறில்லை. அனுமதியின்றிச் சிவப்பிலோ மஞ்சளிலோ எந்த டிரோனும் பறக்கக் கூடாது.

எடை குறைந்ததால் ஆபத்தும் குறைந்துவிடாது என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று இருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரருகே காட்டுத்தீ பரவியபோது அதன்மேல் தற்காலிகப் பறப்புத் தடை விதிக்கப்பட்டிருந்தது. தீயைப் பார்க்க விரும்பிய ஒருவர் வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து 250 கிராமுக்கும் குறைவான டிரோனைச் செலுத்தினார். சற்றுத் தொலைவு சென்றதும் அது அவர் கண்ணிலிருந்து மறைந்தது. கனடாவிலிருந்து உதவிக்கு வந்து நீர் கொட்டிக்கொண்டிருந்த தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் அது மோதித் துளையிட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது. ஆனால் தீ எரிந்துகொண்டிருந்த அந்நாள்களில் அதைப் பழுதுபார்ப்புக்கு நிறுத்த வேண்டியதாயிற்று. டிரோனை இயக்கியவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 65,000 டாலருக்கு மேல் இழப்பீடு செலுத்தவும் 150 மணி நேரம் சமூகப் பணி செய்யவும் இசைந்தார். தடையைக் காட்டும் வரைபடம் அன்று யாரும் பார்க்கக்கூடியதாகத்தான் இருந்தது.

கடன், காப்பீடு, ஒப்பந்தம்

இனி எங்கள் பக்கத்துக்கு வருகிறோம். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கான 'நமோ டிரோன் தீதி' திட்டத்தில் டிரோன் தொகுப்பின் விலையில் 80 விழுக்காடு, உச்ச அளவாக 8 இலட்சம் ரூபாய், மானியமாகக் கிடைக்கிறது. எஞ்சியதை வேளாண் உட்கட்டமைப்பு நிதியின்கீழ் 3 விழுக்காடு வட்டிச் சலுகையுடன் கடனாகப் பெறலாம். மானியம் பெரிதாக இருப்பதால் பொறுப்பு சிறிதாகிவிடுவதில்லை. டிரோன் முடங்கினால் குழுவின் வருமானம் முழுவதும் முடங்குகிறது. மருந்து தெளிப்பு குறுகிய பருவத் தொழில். பருவத்தில் பத்து நாள் போனால் அது அடுத்த பருவத்தில்தான் திரும்பும்.

விதிமீறலுக்கு டிரோன் விதிகளின்கீழ் 1 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். பிற சட்டங்களின்கீழ் வரும் வழக்குகள் இதற்கு வெளியே நிற்பவை. மூன்றாம் தரப்புக் காப்பீட்டைப் பொறுத்தவரை, நானோ தவிர்த்த டிரோன்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாடுகள் பொருந்தும் என்று விதிகள் கூறுகின்றன. வண்டிக்குக் காப்பீடு எடுப்பது போலவே இதையும் எடுக்க வேண்டும். எடுத்த ஆவணத்தில் 'விலக்குகள்' என்ற பகுதியை மட்டுமாவது படித்துப் பாருங்கள். சட்டத்துக்குப் புறம்பான பறப்பில் நேர்ந்த சேதத்துக்கு இழப்பீடு இல்லை என்ற பொருளில் ஒரு வாசகம் பொதுவாக அங்கே இருக்கும். வரைபடத்தைப் பார்க்காமல் பறப்பவர், காப்பீட்டுக் கட்டணம் செலுத்தியும் காப்பீடு இல்லாதவராகிவிடலாம் என்பது இதன் பொருள்.

திருமண ஒளிப்பதிவாளர்கள் பயன்படுத்தும் டிரோன்களுள் பல 250 கிராமுக்கு மேல், 2 கிலோவுக்குள் அடங்கும் 'மைக்ரோ' வகை. கூலிக்குப் பறக்கவிடுபவருக்கு இவ்வகையிலும் இயக்குநர் சான்றிதழ் கட்டாயம். வணிக நோக்கமில்லாதவருக்கே விலக்கு. திருப்பதியில் முகூர்த்த நாள் ஒன்றில் பல மண்டபங்களில் திருமணம் நடக்கும். அதே நாளில் தலைவர் ஒருவர் தரிசனத்துக்கு வந்தால் வானம் மூடப்படும், திருமணம் நிற்காது. ஆகவே ஒப்பந்தம் எழுதும்போதே 'வான்தடை விதிக்கப்பட்டால் டிரோன் படப்பிடிப்பு இராது, அதற்குரிய தொகை கழிக்கப்படும்' என்ற ஒரு வரியைச் சேர்த்துக்கொள்வது நல்லது. இந்த வரி இல்லாததால், முன்பணம் கொடுத்த வீட்டாரின் வற்புறுத்தலுக்கு இணங்கித் தடையை மீறத் துணிபவர்கள் உண்டு. பெண்வீட்டாரின் மனக்குறை ஒருநாளில் தீரும்.

பார்த்ததற்குச் சான்று வைத்துக்கொள்வதையும் வலியுறுத்துகிறோம். பறக்கவிடும் நாளின் காலையில், பறக்கும் இடத்தை மையமாக வைத்து வரைபடத்தைத் திறந்து, தேதியும் நேரமும் தெரியும்படி திரையைப் படமெடுத்துச் சேமியுங்கள். காடோ மலையோ சூழ்ந்த இடங்களில் கைப்பேசி இணைப்பு கிடைக்காமல் போகலாம். ஆகையால் வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஒருமுறையும், இணைப்பு கிடைக்கும் கடைசி இடத்தில் மறுமுறையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிது உழைக்க விரும்புவோர் விமான நிலையங்கள் ஆணையம் இணையத்தில் வெளியிடும் நோட்டாம்களையும் பார்க்கலாம். சூளூர்பேட்டை, புலிக்காட்டு ஏரிப் பக்கத்தினருக்கு இஸ்ரோ அறிவிக்கும் ஏவுதல் நாள்களைக் குறித்து வைப்பதும் உதவும். மஞ்சள் பகுதியில் தொழில் செய்வோர் அனுமதிக்குப் போதிய நாள்கள் முன்னரே விண்ணப்பிக்க வேண்டும். அதைப் பருவத்தின் வேலைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு இணையம் வழியே தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி.

குழுக்களில் இந்த வேலையை யார் செய்வது என்ற கேள்வி எழும். சான்றிதழ் பெற்றவர் ஒருவர், மின்கலங்களைச் சுமந்து மருந்து கலக்குபவர் மற்றொருவர் எனப் பிரித்துக்கொள்வது வழக்கம். வரைபடத்தைப் பார்க்கும் பொறுப்பையும் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்து, குழுவின் தீர்மானப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். புதிய டிரோன் கடனுக்கு வருவோரிடம், தொழில் செய்யவிருக்கும் ஊர்களின் பட்டியலையும் ஒவ்வோர் ஊரும் எந்த நிறத்தில் விழுகிறது என்பதையும் விண்ணப்பத்துடன் எழுதித் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். பட்டியலில் பாதிக்குமேல் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால், கடன் தொகையைப் பேசுமுன் கிளை மேலாளர் தொழில் செய்யும் இடத்தைப் பற்றிப் பேசுவார்.